ரெண்டாவது டிக்

ஓசூரில் ஒரே புகாரை நாலு மொழியில் கேட்கலாம். "மெசேஜ் வரமாட்டேங்குதுக்கா." "மெசேஜ் பர்தில்லா மேடம்." "மெசேஜ் ராவட்லேது." "தீதி, மெசேஜ் நஹீ ஆதா." மூக்கண்டப்பள்ளி பக்கம் என் மாமா ஒரு மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். சாயங்காலம் ஷிஃப்ட் விட்டு வரும் கூட்டத்தில் டிஸ்ப்ளே உடைந்தது, சார்ஜ் பின் போனது, தண்ணியில் விழுந்தது எல்லாம் மாமாவுக்கு. "வரமாட்டேங்குது" கேஸ் எல்லாம் எனக்கு. பெங்களூரில் ஒரு சின்ன ஆப் கம்பெனியில் ஒன்றரை வருஷம் வேலை பார்த்தவள் நான். தினமும் அத்திப்பள்ளியைத் தாண்டிப் போய் உட்கார்ந்து நோட்டிஃபிகேஷன் அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது அது வந்து சேராத பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இவர்கள் 'மெசேஜ்' என்று சொல்வது காதலோ, வங்கி ஓடிபியோ இல்லை. பெரும்பாலும் ஷிஃப்ட். சிப்காட் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு காண்ட்ராக்டர் ஒரு ஆப் வைத்திருக்கிறார். முன்பெல்லாம் சூப்பர்வைசர் ஃபோன் பண்ணி "நாளைக்கு நைட் வர்றியா?" என்று கேட்பார். இப்போது ஆப்பிலிருந்து ஒரே நேரத்தில் முந்நூறு ஃபோனுக்கு அழைப்பு போகிறது: நாளை இரவு 12 பேர் தேவை. முதலில் அழுத்தும் பன்னிரண்டு பேருக்கு வேலை. பதிமூன்றாவது ஆள் அழுத்தினால் 'ஃபுல்' என்று வரும். வாரத்தில் மூன்று நாள் 'ஃபுல்' பார்த்தால் அந்த மாத லைன் வீட்டு வாடகைக்கு யாரிடமாவது கை நீட்ட வேண்டும்.

ஒடிசாவிலிருந்து வந்த ரெண்டு பேர் ஒருநாள் கடைக்கு வந்தார்கள். ஒரே ரூம், ஒரே வைஃபை, ஒரே ஆப். ஒருவன் ஃபோனில் ராத்திரி 9.10க்கு அழைப்பு வந்தது. இன்னொருவன் ஃபோன் பாயில் பக்கத்திலேயே கிடந்தது, சத்தமே இல்லை. 9.45க்கு மணி பார்க்க எடுத்தபோதுதான் 'டிங்' என்றது. அதற்குள் ஃபுல். முந்தியவனுக்கு இவன் மேல் பரிதாபம். இவனுக்கு அவன் மேல் லேசாக சந்தேகம். "இவன் என் மெசேஜை அமுக்கிடுறானா தீதி?" என்று நிஜமாகவே கேட்டான்.

யாரும் அமுக்கவில்லை. அதை அவனுக்கு விளக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதை அனுப்புகிற பக்கத்தில் இருந்தபோது நானும் என் கூட இருந்தவர்களும் இப்படி ஒரு பாயைக் கற்பனை பண்ணியதே இல்லை.

வேலைக்கு வந்த பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் இதற்குப் பஞ்சமில்லை. நாற்பது ரூம். ஒவ்வொரு ரூமிலிருந்தும் பத்து நிமிஷத்துக்கு ஒருத்தி கேட்டுக்கு இறங்கி வந்து "எனக்கு ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டால் அந்தக் கட்டடத்தில் ஒருத்தரும் தூங்க முடியாது. ஃபோனில் நாற்பது ஆப் இருக்கிறது. ஒவ்வொன்றும் தன் கம்பெனி சர்வரை அடிக்கடி கூப்பிட்டுக் கேட்டால் பேட்டரி மத்தியானத்துக்குள் செத்துவிடும். அதனால் கேட்டில் ஒரு வாட்ச்மேன். யாருக்கு என்ன வந்தாலும் அவரிடம் கொடுத்துவிட வேண்டியது. அவர் போய் கதவைத் தட்டுவார். மற்ற எல்லோரும் தூங்கலாம்.

ஐஃபோனுக்கு அந்த வாட்ச்மேன் ஆப்பிளுடையவர். 2008இல் இதை அறிவித்து, அந்த செப்டம்பரிலேயே தருகிறோம் என்றார்கள். வந்தது 2009 ஜூனில். ஆண்ட்ராய்டுக்கு கூகுளின் ஆள் 2010இல் வந்தார். 2012இல் ஒரு பெயர், 2016இல் இன்னொரு பெயர், அதுதான் இப்போதும் இருக்கும் ஃபயர்பேஸ். உங்கள் ஃபோன் இந்த ஒரே ஆளோடு ஒரே ஒரு கம்பியை எந்நேரமும் திறந்தே வைத்திருக்கிறது. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் அவ்வப்போது "இருக்கேன்" என்று ஒரு சின்ன துடிப்பை அனுப்பும். மொபைல் நெட்வொர்க்கில் ஆயிரக்கணக்கான ஃபோன்கள் ஒரே முகவரியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ரொம்ப நேரம் பேசாமல் இருக்கிற கம்பியை நடுவில் இருக்கும் கருவி மறந்துவிடும். மறக்காமல் இருக்கத்தான் அந்தத் துடிப்பு.

வாட்ச்மேனுக்கு உங்கள் பெயர் தெரியாது, நம்பரும் தெரியாது. ஆப்பை முதலில் திறக்கும்போது அவர் ஒரு டோக்கன் தருவார், நீளமான எழுத்துக் குவியல். ஆப் அதைத் தன் கம்பெனிக்கு அனுப்பி வைக்கும். கம்பெனி "இந்த டோக்கனுக்கு இதைக் கொடு" என்று மட்டும்தான் சொல்லும். எங்கள் கடையில் ஃபோனை ரீசெட் அடித்தாலோ, ஆப்பை எடுத்துவிட்டு மறுபடி போட்டாலோ பழைய டோக்கன் செத்தது. புது டோக்கன் கம்பெனிக்குப் போய்ச் சேரும்வரை அந்த ஆள் அவர்கள் கணக்கில் இல்லவே இல்லை. அதனால் ரீசெட் அடித்த ஃபோனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "ஆப்ப ஒருவாட்டி ஓப்பன் பண்ணி லாகின் பண்ணிட்டுப் போங்க" என்று நான் கேட்டுவாங்காத குறைதான்.

இவ்வளவு தூரம் எல்லாருக்கும் சமம். சமம் இல்லாமல் போவது கதவு தட்டுகிற இடத்தில்.

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6இல் 'டோஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். குட்டித் தூக்கம். ஃபோன் சார்ஜில் இல்லை, அசையவில்லை, ஸ்கிரீன் அணைந்திருக்கிறது என்றால் அது தூங்கப் போகும். அப்போது வரும் செய்திகளை வாட்ச்மேன் ரெண்டாகப் பிரிப்பார். அனுப்பியவர் 'அவசரம்' என்று எழுதியிருந்தால் உடனே தட்டுவார். சாதாரணம் என்றால், ஃபோன் இடையில் கொஞ்சம் கண் விழிக்கும் நேரம் வரை கையிலேயே வைத்திருப்பார். அவசரமா சாதாரணமா என்பதை ஷிஃப்டுக்குக் காத்திருக்கிறவன் தீர்மானிக்க முடியாது, அனுப்புகிறவர்தான் எழுத வேண்டும். 2018இல் ஆண்ட்ராய்டு 9 இன்னொரு வகை பிரித்தது. நீங்கள் அடிக்கடி திறக்கும் ஆப், எப்போதாவது திறக்கும் ஆப், அபூர்வமாகத் திறக்கும் ஆப். அபூர்வமாகத் திறப்பதற்குப் பின்னணியில் வேலை செய்யக் கிடைக்கும் இடமும் குறைவு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வேலை இல்லாதவன் ஆப்பைத் திறக்காமல் விட்டால் ஆப்புக்கும் மூச்சு குறையும் என்பதுவரை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

இதற்குமேல் ஃபோன் கம்பெனிகளின் சொந்த ஏற்பாடு. எங்கள் கடைக்கு வருவதில் பாதிக்கு மேல் பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழே வாங்கிய ஃபோன்கள். 'இரண்டு நாள் பேட்டரி' என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அந்த இரண்டு நாளில் ஒரு பங்கு பின்னணியில் இருக்கும் ஆப்களின் கழுத்தை நெரித்து வாங்கியது. சில ஃபோன்களில் ரீசன்ட் லிஸ்டிலிருந்து ஆப்பை மேலே தள்ளிவிட்டாலே போதும். அதை நிரந்தரமாக நிறுத்திவிடும். நீங்களே மறுபடி திறக்கும்வரை எந்த அவசரச் செய்தியும் அதை எழுப்பாது. தள்ளிவிட்டால் ஃபோன் ஸ்பீடாகும் என்று எல்லோரும் தள்ளுகிறார்கள். என் அம்மா உட்பட.

இந்தக் கண்டிப்புக்கு ஒரு விளக்கம் படித்தேன், சரியாகத்தான் படுகிறது. சீனாவில் விற்கும் ஃபோன்களில் கூகுளின் வாட்ச்மேன் கிடையாது. அங்கே ரொம்ப நாள் ஒவ்வொரு ஆப்பும் தனித்தனியாக ஆளை கேட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பேட்டரி தாங்கவில்லை, கம்பெனிகள் கம்பு எடுத்தன. அதே பழக்கத்தோடு ஃபோன் இங்கே வந்துவிட்டது. பெரிய ஆப்களுக்கு விலக்கு உண்டு. வாட்ஸப்பைக் கொன்றால் அந்த ஃபோனை யாரும் வாங்க மாட்டார்கள். ஓசூர் காண்ட்ராக்டரின் ஆப்புக்கு அந்த விலக்குப் பட்டியலில் யார் இடம் வாங்கித் தருவது? எந்தக் கம்பெனி ஃபோன் ஆப்களை எவ்வளவு கொடூரமாகக் கொல்கிறது என்று பட்டியல் போடவே 'டோன்ட் கில் மை ஆப்' என்று ஒரு தளம் இருக்கிறது. அலாரம் ஆப் எழுதியவர்கள் ஆரம்பித்தது. அலாரமே அடிக்கவில்லை என்றால் கோபம் வரத்தானே செய்யும்.

நான் செய்யும் வைத்தியம் ரொம்ப சாதாரணம். செட்டிங்ஸ், ஆப், பேட்டரி, 'கட்டுப்பாடு இல்லை'. சில ஃபோனில் 'ஆட்டோஸ்டார்ட்' என்று தனியாக ஒளித்து வைத்திருப்பார்கள், அதை ஆன் பண்ணணும். ரீசன்ட் லிஸ்டில் ஆப் மேல் ஒரு பூட்டு. ரெண்டு நிமிஷம். இதற்குக் காசு வாங்கக் கூடாது என்று மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் "டீக்காச்சும் வாங்கும்மா" என்பார். ஃபோன் அப்டேட் ஆனால் சில சமயம் எல்லாம் பழையபடி மாறிவிடும், திரும்ப வருவார்கள்.

திரும்ப வந்தவர்களில் ஒரு அக்கா, தேன்கனிக்கோட்டை பக்கத்துக்காரர். அவர் வேறு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். "நான் இப்பெல்லாம் அத நம்புறதே இல்ல பாப்பா. பத்து நிமிஷத்துக்கு ஒருவாட்டி நானே ஆப்ப தொறந்து பாத்துர்றேன். சோறு வெக்கையில, புள்ளைக்கு ஹோம்ஒர்க் சொல்லிக் குடுக்கையில, பாத்ரூம்ல கூட." அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஃபோன் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த மொத்த ஏற்பாடும். ஃபோன் கேட்பதை நிறுத்திவிட்டது. இப்போது அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறார். மிச்சம் பிடித்த பேட்டரி யாருடையது?

அந்த காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ஒருநாள் டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்தார். விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன், வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், உங்க ஆப்ல நிறைய பேருக்கு லேட்டா வருது."

"அதெல்லாம் கரெக்டா போகுதும்மா." தன் ஃபோனிலேயே காட்டினார். பச்சை நிறத்தில் எண்ணிக்கை, பக்கத்தில் 'வெற்றி'. "பாரு, எல்லாம் சக்சஸ்."

அந்தப் பச்சை எனக்கு நல்ல பழக்கம். ஆபீஸ் டாஷ்போர்டில் தினமும் பார்த்தது. அதற்கு அர்த்தம், வாட்ச்மேன் கவரை வாங்கிக்கொண்டார் என்பது மட்டும். தட்டினாரா, கதவு திறந்ததா என்று அதில் இருக்காது. அதைச் சொன்னேன். கூடவே ரெண்டு விஷயம் கேட்டேன். அழைப்பை 'அவசரம்' என்று அனுப்பச் சொல்லுங்கள். ஆயுள் நேரம் போடச் சொல்லுங்கள். ஆயுள் நேரம் போடாவிட்டால் ஃபயர்பேஸ் ஒரு செய்தியை நாலு வாரம்வரை கையில் வைத்திருக்கும். ஃபோன் அணைந்து கிடந்த ஒருவனுக்கு ஞாயிறு ராத்திரி ஷிஃப்டுக்கான அழைப்பு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து, அவன் அவசரமாக அழுத்தி, ஃபுல். ஆயுளைப் பூஜ்யம் என்று போட்டால் இப்போதே கொடு, முடியாவிட்டால் தூக்கிப் போடு என்று அர்த்தம். அரைமணி என்று போட்டாலே போதும், செத்த அழைப்புகள் வராது.

"அது பெங்களூர்ல பண்ணித் தர்றவங்கம்மா, சொல்றேன்" என்றார். கிளாஸைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "எங்க சைடு ஓகே. ஃபோன் கொஞ்சம் நல்லதா வாங்கச் சொல்லு" என்றார். கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே இருப்பவருக்கும் அதே பச்சைதான் தெரியும்.

லைன் வீடுகளில் இதற்குத் தாங்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வரிசையில் யார் ஃபோன் நல்ல ஃபோனோ அவர் சத்தம் போட வேண்டும். "ஏய், வந்துருச்சு!" என்று ஒரு குரல் கேட்டால் எட்டு வீட்டிலும் ஆப்பைத் திறப்பார்கள். முதல் இடம் குரல் கொடுத்தவருக்கு, அதில் யாருக்கும் வருத்தமில்லை.

கடைக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்காரர் இந்த அவஸ்தை எதுவும் அறியாதவர். அவருடைய சவுண்ட்பாக்ஸ் "பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது" என்று உடனுக்குடன் கத்தும். அதுவும் ஒரு நோட்டிஃபிகேஷன்தான். உள்ளே சிம் கார்டு, எந்நேரமும் கரண்ட், ஒரே வேலை. அதைத் தூங்கவைக்க யாருக்கும் ஆசை இல்லை. இந்த மாதிரி கருவிகளுக்குப் பரவலாகப் பயன்படும் எம்கியூடிடி என்ற முறையை 1999இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியாகக் கண்காணிக்க எழுதினார்கள். லைன் விட்டு விட்டு வரும், காசு அதிகம் என்று தெரிந்தே எழுதியது. அதில் 'கடைசி உயில்' என்று ஒன்று உண்டு: கருவி முதலில் பேசும்போதே, "நான் திடீரென்று காணாமல் போனால் இதை எல்லோருக்கும் சொல்லிவிடு" என்று எழுதிக் கொடுத்துவிடும். எனக்கு இந்தத் துறையில் ரொம்பப் பிடித்த ஏற்பாடு இதுதான். ஆள் காணாமல் போனால் அதுவும் ஒரு செய்தி என்று ஒத்துக்கொண்டவர்கள்.

டோக்கனைத் தேடிப் போகாமல், இடத்தைத் தேடிப் போகும் செய்தியும் இருக்கிறது. 2023 அக்டோபரில் எல்லோர் ஃபோனும் ஒரே நேரத்தில் அலறியது ஞாபகம் இருக்கும். பேரிடர் எச்சரிக்கைக்காகத் தொலைத்தொடர்புத் துறை நடத்திய சோதனை. கர்நாடகாவில் 12ஆம் தேதி, தமிழ்நாட்டில் 20ஆம் தேதி. செல் பிராட்காஸ்ட் என்பார்கள். டவர் தன் எல்லைக்குள் இருக்கிற எல்லா ஃபோனுக்கும் ஒரே மூச்சில் கத்தும். நம்பர் வேண்டாம், ஆப் வேண்டாம், டோக்கன் வேண்டாம். ஜூஜூவாடி பக்கம் வீடு இருப்பவர்களுக்கு எந்த மாநிலத்து டவர் தங்களைப் பிடித்திருக்கிறது என்பது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். ரோமிங்குக்குக் காசு பிடித்த காலத்தில் வீட்டு ஹாலில் தமிழ்நாடு, மொட்டை மாடியில் கர்நாடகா என்று பேலன்ஸ் கரைந்த கதைகள் எங்கள் கடையில் இன்னும் ஓடும். அந்த அக்டோபரில் எங்கள் தெருவில் சிலருக்கு ரெண்டு தேதியிலும் அலறியது. மாமா ஃபோன் முதல் தேதியிலேயே அலறியதும் கையிலிருந்த சோல்டரிங் அயர்னைக் கீழே போட்டார்.

வால்பாறையில் இதைவிடப் பொறுமையாக யோசித்திருக்கிறார்கள். யானைகள் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நடமாடும் ஊர். ஆனந்தகுமாரும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் நண்பர்களும் யானை எங்கே நிற்கிறது என்று மக்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப ஆரம்பித்தார்கள். அதோடு நிறுத்தவில்லை. ஃபோனால் இயக்கக்கூடிய சிவப்பு விளக்குகளை வழியில் கம்பங்களில் வைத்தார்கள். வேலை முடிந்து இருட்டில் பஸ் இறங்கி நடக்கும் ஆளின் ஃபோன் செத்திருந்தாலும், எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும், சிவப்பு மினுக்கினால் பக்கத்தில் யானை. அந்த ஆள் எங்கே, எப்படி, என்ன கையோடு நடந்து வருவார் என்று நினைத்துச் செய்தது. சானமாவு காட்டோரம் யானைக்குக் காத்து நிற்கும் எங்கள் ஊர்க்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த விளக்கு ஞாபகம் வரும்.

எங்கள் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் ஊத்தங்கரை. என் அத்தை அங்கே இருக்கிறார், தனியாக. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது நாங்கள் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. புயல் என்பது கடலோரத்துக்காரர்கள் சமாச்சாரம். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை அது உள்ளே வந்து கொட்டியது. திங்கள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் மட்டும் 50 சென்டிமீட்டர். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தியிருந்த வண்டிகள் தண்ணீரில் பொம்மை மாதிரி உருண்டு போகும் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஞாயிறு ராத்திரி 10.40க்கு நான் அத்தைக்கு வாட்ஸப்பில் எழுதினேன். அத்தை, தண்ணி ஏறுதுன்னு சொல்றாங்க, அரிசி மூட்டை, பீரோ கீழ் தட்டுல இருக்கிற பத்திரம் எல்லாம் எடுத்து மேல வெச்சிருங்க, மாடி வீட்டுக்குப் போயிடுங்க. ஒரு டிக். ஃபோன் பண்ணினால் தொடர்பு எல்லைக்கு வெளியே. பதினொன்று, பன்னிரண்டு, ரெண்டு மணி. ஒரு டிக். வாட்ஸப் சர்வர் அதை முப்பது நாள் வைத்திருக்கும், தொலைக்காது. அது எனக்கு நன்றாகவே தெரியும். டவருக்குக் கரண்ட் போயிருக்கும், பேட்டரி பேக்கப் தீர்ந்திருக்கும், கம்பி அறுந்திருக்கும், வாட்ச்மேன் கவரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். எல்லாம் தெரிந்த நான் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஆப்பைத் திறந்து அந்த டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் மத்தியானம் மூன்று மணிவாக்கில் ரெண்டாவது டிக் விழுந்தது. ரெண்டே நிமிஷத்தில் அத்தையே கூப்பிட்டார். மாடி வீட்டு அம்மா ராத்திரியே இறங்கி வந்து கதவை இடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். உடம்புக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணி. அரிசி போனது, பத்திரம் ஊறிப்போனது. மாமாவோட ஃபோட்டோ ஒன்று ஊறி உரிந்துவிட்டது என்றபோது மட்டும் குரல் கம்மியது.

"ஃபோன ஆன் பண்ணதும் ஒரே சத்தம் கண்ணு. மொதல்ல ஏதோ பொடவ ஆஃபர் வந்துச்சு. அப்புறம் எல்லாம் கடகடன்னு." கொஞ்ச நேரம் பேசவில்லை. ஸ்கிரீனைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார் போல.

"நேத்து பத்து நாப்பதுக்குன்னு போட்டிருக்கு. நீ அப்பவே சொல்லியிருக்கியே கண்ணு."